நாற்பத்து மூன்று

அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை,
அதில் ஓர் எண்: 43.

விற்றவை பதினோராயிரத்துச் சொச்சம்.
திரும்பி வந்தவற்றைக் கழித்தாயிற்று.
நொறுக்கியவை, கடலோடு போனவை,
இடிந்த வீடுகளின் மண்ணைக் கிளறி
தகடு மட்டும் எடுத்துவந்தவை
எல்லாவற்றையும் கழித்தாயிற்று.
இந்த நாற்பத்து மூன்றும்
யார் வீட்டிலோ
இன்றிரவும் எரிகின்றன.

மண்ணெண்ணெய்க் கணப்பு. தந்த நிறம்.
பின்னால் ஒரு ரப்பர்க் குழாய்.
இருபது குளிர்காலம் தாங்கும் என்று எழுதினோம்.
ஒன்பதாவதில் விரிசல் விட்டது.
அதன் பிறகு அறைக்குள் வருவதற்கு
நிறமில்லை, மணமில்லை,
கதவைத் தட்டும் பழக்கமுமில்லை.

தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டோம்.
நாட்டிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும்
மஞ்சள் அட்டை அனுப்பினோம்.
பிறகு எனக்கு ஒரு காரும்
பனிச் சங்கிலியும் கொடுத்து
வடக்கே போ என்றார்கள்.

அவோமோரி கடற்கரையில்
மூடிப்போன மீன் கிடங்கு ஒன்று.
காவலாள் மிகாமி இசோகிச்சி.
அவர் அறையின் நடுவில்
ஈரக் காலுறைகளைத் தலையில் சுமந்துகொண்டு
அது எரிந்துகொண்டிருந்தது.

பதினாறு வருடமாகத் தேடுகிறேன்.
கண்டதும் எனக்குத் தோன்றியது,
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
எவ்வளவு நன்றாக எரிகிறது என்றுதான்.

"எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை"
என்றார் மிகாமி.
குழாயைப் பார்த்தேன். கணவாய்த் தூண்டில் நரம்பால் சுற்றி
மேலே டேப் ஒட்டியிருந்தார்.
மீனவர் கை முடிச்சு, அழகான முடிச்சு,
ஒன்றையும் தடுக்காத முடிச்சு.

"தலைவலி உண்டா?"
"குளிர்காலம் என்றாலே தலைவலிதானே."
"வாந்தி?"
"அது சாராயம்."
"எங்கள் அட்டை வந்ததா?"
மேசையின் குட்டைக் காலைக் காட்டினார்.
நான்காக மடிந்து,
ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

நானே ஜன்னலைத் திறந்தேன்.
பனி உள்ளே வந்தது. திட்டினார்.
அணைத்து, ஆறவிட்டு,
திருப்பி வைத்து,
அடிப்பக்கம் டார்ச் அடித்தேன்.
வரிசை எண். ஆண்டு. மாதம்.
அதற்குக் கீழே, சோதித்தவர் முத்திரை:
சிவப்பு வட்டத்துக்குள் என் பெயர்.

இருபத்து நான்கு வயது அப்போது.
நாளைக்கு நூற்றுத் தொண்ணூறு முத்திரை.
குழாயை விரலால் ஒருமுறை வளைத்துப் பார்ப்பேன்,
வளைந்தால் சரி.
பெயர் சொல்லப் பிள்ளை வேண்டும் என்பார்கள்.
எனக்குப் பிள்ளையில்லை.
இது இருக்கிறது, மாதிரி எண் ஆர்-27,
ஊர் ஊராய் என் பெயரைச் சொல்லிக்கொண்டு.

அவரிடம் சொல்லவில்லை.
படிவத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.
ஐம்பதாயிரம் யென்னை இரண்டு முறை எண்ணினார்.
"டாங்க்கில் பாதி எண்ணெய் இருக்கிறதே,
அதற்கு?"
பம்ப் வைத்து வேறு டின்னில் இறைத்துக் கொடுத்தேன்.
கடைசிச் சொட்டு வரை நின்று பார்த்தார்.

புதியதைப் பொருத்திவிட்டு
பழையதைக் காரின் பின் இருக்கையில் வைத்து
பெல்ட் மாட்டினேன். வழியெல்லாம் சறுக்கும்.
நூற்றெழுபது கிலோமீட்டர்.
கண்ணாடியில் அடிக்கடி பார்த்துக்கொண்டேன்,
பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

பலகையில் மேலாளர்
கட்டை விரலால் மூன்றை அழித்து
இரண்டு எழுதினார்.
யாரும் கைதட்டவில்லை. தேநீர் வந்தது.

பத்து நாள் கழித்து மிகாமி தொலைபேசினார்.
புதியது மூன்று மணிக்கு ஒருமுறை
கூவிவிட்டுத் தானே அணைந்துவிடுகிறதாம்.
நம்பிக்கையில்லாத ஜென்மம் என்றார்.
காலுறை காய மாட்டேன் என்கிறது.
அதன் வெளிச்சமும் சரியில்லை.

எல்லாம் குறித்துக்கொண்டேன்.
வைக்கப் போகும்போது கேட்டேன்:
தலைவலி?

நெடுநேரம் கடல் மட்டும் கேட்டது.

"அதைத்தான் காணோம்" என்றார்,
எதையோ
எங்கேயோ வைத்துவிட்டு
தேடுகிறவர் குரலில்.